வெட்டுச் சரிவில் தெரியும் உருண்டைக் கற்கள்: மேலிருந்து உருண்டவையா, இருந்த இடத்திலேயே உருவானவையா?

#1 பாயான்_மண்

தலைப்பே கேள்விதான். பினாங்கில் பாயா தெருபோங், ஆயர் ஈத்தாம் பக்கம் மலையை வெட்டிய இடங்களில் மஞ்சளும் சிவப்புமான மண்ணுக்கு நடுவே கார் அளவு, சில இடத்தில் லாரி அளவு கற்கள் பதிந்து நிற்கின்றன. எல்லாம் உருண்டை. "மேலிருந்து உருண்டு வந்து புதைந்தவை" என்றுதான் பலரும் சொல்கிறார்கள். பள்ளி நூலிலோ பாறை உடைய வெயில், குளிர், பனிக்கட்டி என்று படம் போட்டிருக்கிறது. இங்கே பனிக்கட்டி ஏது? ஆனாலும் மலை இத்தனை ஆழத்துக்கு மண்ணாகிக் கிடக்கிறதே!

விவரம் தெரிந்தவர்கள் இரண்டையும் சேர்த்து விளக்குங்கள். உருண்டு வந்த கல்லையும் அங்கேயே உருவான கல்லையும் பார்வையிலேயே பிரித்துச் சொல்ல முடியுமா?

#2 கருங்கல்

அவற்றில் பெரும்பாலானவை எங்கிருந்தும் வரவில்லை. சைட்டில் எல்லாவற்றையும் 'போல்டர்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

பினாங்குத் தீவின் மலைகள் கருங்கல், அதாவது கிரானைட். பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் இறுகியது. ஆறும்போதே அதில் விரிசல் விழுந்தது. மேலே கிடந்த சுமை அரித்துப் போனதும் அழுத்தம் தளர்ந்து இன்னும் விரிசல் விட்டது. இவை மூன்று திசையில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதால், பெட்டிகளை அடுக்கி வைத்த மாதிரிதான் பாறை இருக்கும். தண்ணீர் உள்ளே இறங்க அதுதான் வழி.

ஒரே ஒரு பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தட்டையான பக்கத்தைத் தண்ணீர் ஒரு பக்கமிருந்துதான் அரிக்கும். விளிம்பை இரண்டு பக்கமிருந்து. மூலையை மூன்று பக்கமிருந்து. ஆகவே மூலைதான் முதலில் மண்ணாகும், பிறகு விளிம்பு, கடைசியில் பக்கம். நடுவில் மிஞ்சுவது உருண்டை. அதைச் சுற்றி வெங்காயச் சருகு மாதிரி இரண்டு மூன்று சென்டிமீட்டர் தடிமனில் தோல்கள் கழன்று நிற்கும். கல்லை எந்த ஆறும் உருட்டவில்லை.

மழைத்தண்ணீர் லேசான அமிலம். காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு கரைந்திருப்பதால் அதன் பி.எச். சுமார் 5.6. மண்ணுக்குள் வேரும் நுண்ணுயிரும் மூச்சு விடுகின்றன. அங்கே அந்த வாயு வெளிக்காற்றில் இருப்பதைப்போல் பத்து மடங்கு முதல் நூறு மடங்கு வரை இருக்கும். அமிலம் லேசுதான். ஆனால் ஆண்டுக்கு இரண்டாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை, வருடம் முழுக்க ஒரே சூடு. வேலை ஒரு நாளும் நிற்பதில்லை.

கருங்கல்லின் முக்கியக் கனிமங்கள் மைக்கா, ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ். இவற்றில் முதலில் தளர்வது கறுப்பு மைக்கா. அதிலுள்ள இரும்பு துருப்பிடிக்கும்போது இதழ்கள் உப்பி, பக்கத்துத் துகள்களை நெம்பிவிடும். அந்தச் சந்தில் தண்ணீர் புகுந்ததும் ஃபெல்ஸ்பாருக்கு வேலை வந்துவிடும்: சோடியம், கால்சியம் உள்ள வகை முன்னே, பொட்டாசியம் உள்ள வகை பின்னே. பொட்டாசியமும் சிலிக்காவில் ஒரு பங்கும் கரைந்து ஓடிவிட, மிஞ்சுவது கயோலின் என்கிற வெள்ளைக் களி. குவார்ட்ஸ் மட்டும் கிட்டத்தட்ட அசையாது. மண்ணை விரல்களுக்கிடையே தேய்த்தால் நறநறக்கிறதே, அதுதான். மஞ்சளும் சிவப்பும் இரும்புத் துருவின் நிறம்.

#3 புவியியல்_டீச்சர்

நல்ல விளக்கம் ஐயா. மாணவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. மத்தியானம் பாறை கால் வைக்க முடியாமல் சுடுகிறது, மூன்று மணிக்கு மழை கொட்டுகிறது. விரிந்து சுருங்கியே உடையாதா? 'லுலுஹாவா ஃபிசிக்கல்' (வேதிமாற்றம் இல்லாமல் பாறை உடைவது) இந்த நாட்டில் கிடையாது என்று சொல்லிவிடலாமா?

#4 கருங்கல்

கிடையாது என்று சொல்ல வேண்டாம் டீச்சர். ஆனால் வெயில் மட்டும் தனியாக உடைக்கும் என்பது பழைய நம்பிக்கை. 1936-இல் டேவிட் கிரிக்ஸ் என்பவர் மெருகேற்றிய கருங்கல்லைச் சூடாக்கியும் ஆற வைத்தும் 89,400 சுற்று ஓட்டிப் பார்த்தார். நாளுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டால் சுமார் 244 ஆண்டு. உலர்ந்த காற்றில் ஆற வைத்தபோது கல்லில் மாற்றமே தெரியவில்லை. அதையே தண்ணீர் தெளித்து ஆற வைத்தார். இரண்டரை ஆண்டுக்குச் சமமான சுற்றுகளிலேயே மெருகு போய் விரிசல் தெரிந்தது. வகுப்பில் சொல்ல இதைவிடப் பொருத்தமான சோதனை கிடைக்காது.

பனிக்கட்டிப் படத்தையும் கிழித்துப் போட வேண்டாம். உறையும் தண்ணீர் 9 விழுக்காடு பெருகும். விரிசலுக்குள் அது ஆப்பு மாதிரி. இமயத்துக்கும் ஆல்ப்சுக்கும் அது சரி. பினாங்கின் கொடிமலை (பினாங்கு ஹில்) உச்சி 833 மீட்டர்தான், அங்கே ஒரு நாளும் தண்ணீர் உறையாது.

#5 சரிவுக்காரன்

கருங்கல் அண்ணே, வெப்பத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட்டீர்கள். கிரிக்ஸ் எடுத்தது விரிசல் இல்லாத சின்னத் துண்டு. ஏற்கனவே தகடாகப் பிளந்து நிற்கிற பாறையில் கதை வேறு. கலிபோர்னியாவின் யோசெமிட்டியில் கருங்கல் முகப்பிலிருந்து பிரிந்து நின்ற தகட்டில் கருவி பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். பகலில் வெளியே தள்ளி இரவில் உள்ளே வருகிறது, நாளுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில். அப்படியே தினமும் நெம்பி நெம்பி விரிசலின் நுனி முன்னேறும். மண்ணுக்குள் புதைந்த உருண்டைக்கு இது பொருந்தாது. வெட்டவெளியில் நிற்கும் பாறை முகத்துக்குப் பொருந்தும்.

வேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாறைப் பிளவில் ஆலோ அரசோ முளைத்தால் சின்னச் செடியாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். வேர் விரல் தடிமன் தாண்டிய பிறகு இழுத்தால் கல்லும் சேர்ந்து வரும்.

#6 கருங்கல்

ஒப்புக்கொள்கிறேன். வெட்டவெளிப் பாறைக்கு நீங்கள் சொல்வது சரி.

#7 போர்ஹோல்_தம்பி

இழை தொடங்கியவர் கேட்ட 'பிரித்தறிவது எப்படி' இன்னும் பாக்கி. வெட்டு முகத்துக்குப் பக்கத்தில் போய்ப் பார்க்கும்போது இந்த வரிசையில் பாருங்கள். கல்லைப் பார்க்காதீர்கள், கல்லுக்கு இடையே இருக்கும் மண்ணைப் பாருங்கள். நிறையப் பேர் தவறுவது இங்கேதான்.

அங்கேயே உருவானது என்றால் மண்ணுக்குக் கருங்கல்லின் முகம் இருக்கும். கத்தியால் ஒரு கையகலம் செதுக்கி, லேசாகத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். வெள்ளைப் புள்ளி (முன்னாள் ஃபெல்ஸ்பார்), சாம்பல் மணி (குவார்ட்ஸ்), துருக்கறை (முன்னாள் மைக்கா) மூன்றும் புதுக் கல்லில் இருக்கும் அதே அமைப்பில், அதே இடைவெளியில் இருக்கும். தொட்டால் பொடி, பார்த்தால் பாறை. பழைய விரிசல் கோடுகளும் கறுப்பாகவோ பழுப்பாகவோ ஓடும். நல்ல அதிர்ஷ்டம் இருந்தால் வெள்ளைக் குவார்ட்ஸ் நரம்பு ஒன்று மண்ணில் தொடங்கிக் கல்லுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வரும். அது ஒன்று போதும், தீர்ப்பு எழுதிவிடலாம்.

உருண்டு வந்தது என்றால் மண் கலவையாக இருக்கும். அமைப்பு கிடையாது. கல்லும் களியும் வேர்த்துண்டும் ஒன்றாகப் பிசைந்த மாதிரி. கற்கள் தொட்டுக்கொண்டு நிற்கும், வெவ்வேறு பக்கம் சாய்ந்திருக்கும், வெங்காயத் தோல் ஒரு பக்கம் இருக்கும் மறுபக்கம் உடைந்திருக்கும். நரம்பு கல்லின் ஓரத்தோடு வெட்டுண்டு நின்றுவிடும்.

#8 பாயான்_மண்

இதுதான் வேண்டும். அந்த 'தொட்டால் பொடி' மண்ணை மண் என்பதா பாறை என்பதா? குத்தகையாளர் 'ஹார்ட் லேயர்' என்கிறார், மண் பரிசோதனை அறிக்கையில் 'கிரேடு ஐந்து' என்று இருக்கிறது.

#9 போர்ஹோல்_தம்பி

இரண்டு பேரும் அந்த ஒரே மண்ணைத்தான் சொல்கிறார்கள். சிதைவை ஆறு கிரேடாகப் பிரிப்பது வழக்கம். ஒன்று புதுக் கல், ஆறு முழு மண். சண்டை வருவதெல்லாம் மூன்று, நான்கு, ஐந்தில்தான். பெரிய கருவி இல்லாமலே சோதிக்கலாம்:

மூன்றாம் கிரேடு: கையால் உடையாது, சுத்தியல் வேண்டும். புதுக் கல்லைத் தட்டினால் 'டங்' என்று கேட்கும், இது 'டொக்' என்று செத்த சத்தம் போடும்.

நான்காம் கிரேடு: பெரிய துண்டைக் கையால் உடைக்கலாம். தண்ணீரில் போட்டால் கரையாது.

ஐந்தாம் கிரேடு: பாறை அமைப்பு அப்படியே இருக்கும், ஆனால் தண்ணீரில் குலையும். முட்டையளவு கட்டியை ஒரு வாளித் தண்ணீரில் போட்டு ஆட்டாமல் விடுங்கள். சில நிமிடத்தில் ஓரம் உதிர்ந்து அடியில் மணல் கூம்பாக உட்காரும்.

ஆறாம் கிரேடில் அந்த அமைப்பும் அழிந்துபோயிருக்கும்.

குத்தகையாளர் சொல்லும் 'ஹார்ட் லேயர்' எஸ்.பி.டி. கணக்கு, அதாவது துளைக்குள் சுத்தியலால் அடித்து மண்ணின் கெட்டியை அளக்கும் சோதனை. 63.5 கிலோ சுத்தியலை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, முதல் 15 சென்டிமீட்டரைக் கணக்கில் சேர்க்காமல், அடுத்த 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டும் என்று எண்ணுவார்கள். 50 முறை ஆகிவிட்டால் 'ஹார்ட்'. ஐந்தாம் கிரேடின் அடிப்பகுதியிலேயே 50 வந்துவிடும். ஆகவே 'ஹார்ட்' என்றால் பாறை என்று அர்த்தம் இல்லை.

இன்னும் மோசமானது துளையிடும்போது உருண்டைக் கல்லில் மோதி 'பாறை வந்துவிட்டது' என்று நிறுத்திவிடுவது. இரண்டு மீட்டர் கருங்கல், அதற்குக் கீழே மறுபடியும் ஐந்து மீட்டர் மண் என்பது பினாங்கில் சர்வ சாதாரணம். குறைந்தது மூன்று முதல் ஐந்து மீட்டர் தொடர்ச்சியாகக் கோர் (உருளை வடிவப் பாறை மாதிரி) எடுத்துப் பாறை என்று நிரூபிக்க வேண்டும், பக்கத்துத் துளைகளின் மட்டத்தோடு ஒப்பிட வேண்டும். கோர் எடுக்கும்போது திரும்பி வரும் தண்ணீரின் நிறத்தைக் குறித்துவைக்கிற ஆள் நல்ல ஆள். சாம்பல் நிறத்தில் வந்துகொண்டிருந்தது திடீரென்று காவி நிறமானால் கல்லைத் தாண்டிவிட்டீர்கள். இதைக் கவனிக்காமல் பைலிங் (அடித்தளத் தூண்கள்) போட்டால் ஒரு தூண் உருண்டைமேல், அடுத்த தூண் நிஜப் பாறைமேல். பிறகு சுவர் சாய்சதுரமாக வெடிக்கும்.

#10 லோங்காங்_பார்ப்பவன்

எல்லாரும் கல்லையே பேசுகிறீர்கள். விழுவது கல்லால் இல்லை, தண்ணீரால்.

ஐந்தாம் கிரேடு மண் வறட்சிக் காலத்தில் 60, 70 டிகிரி செங்குத்தாகக்கூட நிற்கும். பார்ப்பவர் 'கெட்டி மண்' என்பார். துகள்களுக்கு இடையே கொஞ்சம் ஈரம் இருக்கிறது, அது துகள்களை இழுத்துப் பிடிக்கிறது, அவ்வளவுதான். மழை நாள்கணக்கில் இறங்கி அந்தச் சந்தெல்லாம் தண்ணீர் நிறைந்தால் பிடி போய்விடும். போர்ஹோல் தம்பி சொன்ன வாளிச் சோதனையில் நடப்பதும் அதேதான். அந்தப் பழைய விரிசல் கோடுகள் இருக்கின்றனவே, பாறை மண்ணானாலும் அவை சாகவில்லை. களி பூசிக்கொண்டு வழுக்குத் தளமாகக் காத்திருக்கும். அவை வெட்டு முகத்தை நோக்கிச் சாய்ந்திருந்தால் ஆபத்து இரட்டிப்பு.

அதனால்தான் இங்கே வழக்கமாக 1 மீட்டர் உயரத்துக்கு 1.5 மீட்டர் கிடை என்று சரித்து, ஆறு மீட்டருக்கு ஒரு படி, படியில் ஒரு லோங்காங் (வடிகால்) என்று வெட்டுகிறார்கள். கோளாறு வருவது பெரும்பாலும் அந்த லோங்காங்கில். அடியில் மண் இறங்கி, காங்கிரீட் ஒரு விரல் அகலம் பிளந்துவிடும். பிறகு மலைத்தண்ணீர் முழுவதையும் அந்த லோங்காங்கே சேகரித்துச் சரிவுக்குள் ஊற்றிக் கொடுக்கும். லோங்காங் இல்லாமலிருப்பதைவிட மோசம்.

மழைக்குப் பிறகு தடுப்புச் சுவரின் வடிகால் துளைகளைப் பாருங்கள். தெளிந்த தண்ணீர் சொட்டினால் நல்லது. ஒன்றுமே வராமல் சுவர் மட்டும் வியர்த்திருந்தால் துளை அடைத்திருக்கிறது. கலங்கிய தண்ணீர் வந்தால் உள்ளே மண் குழாய் போலக் குடைந்துகொண்டிருக்கிறது. அன்றைக்கே பொறியாளரைக் கூப்பிட வேண்டிய விஷயம்.

உலு கிளாங் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் 1993 டிசம்பர் 11-இல் விழுந்து 48 பேர் இறந்தார்கள். பின்புறச் சரிவும் அதன் வடிகாலும்தான் அங்கே பேச்சு. 2017 நவம்பரில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டரைத் தாண்டிய மழை பெய்தபோது கொடிமலையில் சரிந்த இடங்களும் மண்ணாகிப்போன கருங்கல் போர்வைதான். மழை ஒன்றும் புதிதாகப் பாறையை உடைக்கவில்லை.

#11 பத்துமலை_ரோடு

கோலாலம்பூர்க்காரர்களையும் கொஞ்சம் கவனியுங்கள். பத்துமலை சுண்ணாம்புக்கல், நகரின் பெரும்பகுதிக்கு அடியில் இருப்பதும் அதுதான். அங்கேயும் இந்தக் கிரேடு கணக்கு ஓடுமா?

#12 போர்ஹோல்_தம்பி

ஓடாது. அதுதான் பெரிய வித்தியாசம்.

கருங்கல் சிதைந்தால் களியும் மணலும் மிஞ்சும். புதுக் கல்லிலிருந்து மண் வரை படிப்படியாக மாறும். சுண்ணாம்புக்கல் கரைந்தே போய்விடும், மிஞ்சுவது அதிலிருந்த அழுக்குக் களி மட்டும். ஆகவே நடுவே கிரேடு இல்லை. மேலே மண், கீழே பளபளக்கும் கெட்டிப் பாறை, இரண்டுக்கும் இடையே கத்தியால் வெட்டிய எல்லை. அந்த எல்லையும் சமமாக இருக்காது. ஒரு துளையில் ஐந்து மீட்டரில் பாறை, நாலு மீட்டர் தள்ளி அடுத்த துளையில் இருபது மீட்டரிலும் வராது. ஈய லம்பங்களில் (வெள்ளீயச் சுரங்கங்களில்) மண்ணைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி எடுத்தபோது அடியில் கோபுரம் கோபுரமாக வெளிப்பட்டதும் இந்த முனைகள்தான். பாறைக்குச் சற்று மேலே உள்ள மண் சேறு மாதிரி, எஸ்.பி.டி. பூஜ்யம், நாலு என்று வரும். கீழே போகப் போக மண் கெட்டியாகும் என்ற பொது அறிவு இங்கே கவிழ்ந்துவிடும்.

பாறைக்குள்ளேயும் பொந்து உண்டு. அதனால் சுண்ணாம்புக்கல்லில் பத்து மீட்டர் வரை பொந்தில்லாமல் கோர் எடுத்துக் காட்டச் சொல்வார்கள். பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தையே முதலில் திட்டமிட்ட இடத்திலிருந்து சுமார் 60 மீட்டர் தள்ளித்தான் கட்டினார்கள். பழைய இடத்தில் அடியில் சுண்ணாம்புப் பாறை செங்குத்தாக இறங்குகிறது. பாதி பாறையிலும் பாதி மண்ணிலும் நின்றிருக்கும்.

சுண்ணாம்புக்கல்லா என்று உறுதி செய்ய 10 விழுக்காடு ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு போதும். உடனே நுரைத்தால் சுண்ணாம்பு. சுரண்டிப் பொடியாக்கிய பிறகுதான் நுரைக்கிறது என்றால் டோலமைட், அதாவது மக்னீசியம் கலந்த வகை. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

#13 பத்துமலை_ரோடு

அப்படியானால் சாலையில் திடீரென்று விழும் குழியெல்லாம் அடியில் கல் கரைந்ததால்தானா?

#14 லோங்காங்_பார்ப்பவன்

இல்லை. கல் கரைவது ஆயிரம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்ற வேகத்தில். நேற்று இருந்த சாலை இன்று இல்லாமல் போக அது காரணமாகாது. பொந்து லட்சக்கணக்கான ஆண்டு பழையது. நம் காலத்தில் நடப்பது மேலே உள்ள மண் அந்தப் பொந்துக்குள் வடிவதுதான். அதைத் தொடங்கி வைப்பது பெரும்பாலும் இரண்டு. ஒன்று, உடைந்த தண்ணீர்க் குழாய் அல்லது கழிவுக் குழாய். இரண்டாவது, பக்கத்தில் ஆழமாகத் தோண்டித் தண்ணீரை இறைத்து நிலத்தடி மட்டத்தைக் கீழே இறக்குவது. மண்ணைத் தாங்கியிருந்த தண்ணீர் போனதும் கூரை உதிரத் தொடங்கும். தார்ச்சாலை கடைசி நிமிடம் வரை பாலமாக நிற்கும், அதனால்தான் முன்னறிவிப்பே இல்லாதது போலத் தோன்றுகிறது. ஆனால் ஒவ்வொரு குழியையும் சுண்ணாம்புக்கல் தலையில் கட்டவும் கூடாது. சுண்ணாம்புக்கல்லே இல்லாத இடத்திலும் உடைந்த குழாய் தன் பக்கத்து மண்ணைத் தானே உறிஞ்சிக் குழி பறிக்கும்.

#15 கருங்கல்

லம்பம் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த ஈயமும் இதே சிதைவு கொடுத்ததுதான். ஈயத் தாது கருங்கல்லோடு ஒட்டிய நரம்புகளில் இருந்தது. ஃபெல்ஸ்பார் களியாகிக் கரைந்து ஓட, ஈயத் தாது கரையாமல் உதிர்ந்தது. அதன் அடர்த்தி தண்ணீரைப்போல் சுமார் ஏழு மடங்கு, குவார்ட்ஸ் மணலுக்கு 2.65தான். ஆற்றுத் தண்ணீர் மணலை அள்ளிப்போக, தாது பள்ளத்தில் தங்கியது. சுண்ணாம்புக்கல் முனைகளுக்கு இடையே தேங்கியது. டூலாங் தட்டில் சுழற்றிப் பிரித்ததும் அதே எடை வித்தியாசத்தை நம்பித்தான். 1857-இல் அம்பாங் பக்கம் ஈயம் தேடி வந்த கூட்டத்திலிருந்துதானே கோலாலம்பூர் தொடங்குகிறது!

#16 சுண்ணச்சாந்து

தலைப்பை விட்டு விலகுகிறேன், மன்னிக்கவும். ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளில் நடப்பதும் பாறைச் சிதைவுதான், செங்கல்லில் நடக்கிறது. அடித்தளத்து ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு சுவரில் ஏறும். ஈரம் ஆவியாகும் இடத்தில் உப்பு படிகமாகி, செங்கல்லின் நுண்துளையை உள்ளிருந்து நெம்பும். தரையிலிருந்து இடுப்பு, மார்பு உயரத்தில் ஒரு பட்டையாக உதிர்வது இதனால்தான். சுண்ணச்சாந்தாக இருந்தால் ஈரம் சாந்தின் வழியே வெளியேறி, உதிர்வது சாந்து மட்டும், மறுபடி பூசிக்கொள்ளலாம். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரத்துக்கு வழி இல்லை, உப்பு சிமெண்டுக்குப் பின்னால் படிகமாகி அடுத்த முறை செங்கல் முகத்தோடு சேர்ந்து பாளம் பாளமாக விழும்.

சிமெண்டைக் கறை தெரியும் மட்டத்துக்கு மேல் அரை மீட்டர் வரை கொத்தி எடுங்கள். சுவரைச் சில மாதம் திறந்து ஆறவிடுங்கள், பூத்த உப்பைக் காய்ந்த தூரிகையால் துடையுங்கள். கழுவாதீர்கள், கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போகும். பிறகு ஒரு பங்கு ஊறவைத்த சுண்ணாம்பு, மூன்று பங்கு கழுவிய ஆற்று மணல். கடல் மணல் கூடவே கூடாது. பிளாஸ்டிக் பெயிண்டும் வேண்டாம், வெள்ளையடிப்பு போதும்.

#17 பாயான்_மண்

அனைவருக்கும் நன்றி. சொன்னபடி மண்ணைப் பார்த்ததில்: வெட்டின் கீழ்ப்பகுதியில் வெள்ளை நரம்பு மண்ணிலிருந்து கல்லுக்குள் போய் வெளியே வருகிறது. ஆனால் மேலே ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு நரம்பு இல்லை, சின்னக் கற்கள் தாறுமாறாகச் சாய்ந்திருக்கின்றன. இரண்டு கட்சியும் ஜெயித்ததா?

#18 போர்ஹோல்_தம்பி

ஜெயித்தது. கீழே இருப்பது அங்கேயே உருவானது, மேலே ஒன்றரை மீட்டர் உருண்டு வந்து படிந்தது. மலையடிவாரத்தில் இது சாதாரணம். இரண்டும் சந்திக்கும் கோட்டை மட்டும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். மேல் மண் தண்ணீரை வேகமாக விடும், கீழ் மண் மெதுவாக விடும். தண்ணீர் அந்தக் கோட்டில்தான் தேங்கும்.

#19 லோங்காங்_பார்ப்பவன்

பெருமழை பெய்து மறுநாள் காலை பாருங்கள். மற்ற இடம் காய்ந்து அந்தக் கோடு மட்டும் ஈரமாக, பச்சைப் பாசி பிடித்திருந்தால் அங்கே தண்ணீர் நடமாட்டம் நிரந்தரம். தூரத்திலிருந்து படம் எடுத்துப் போடுங்கள். மழை பெய்துகொண்டிருக்கும்போது கீழே போய் நிற்க வேண்டாம்.